ஆசனமில்லாப் பயணி

கைக்குழந்தையோடு பிரயாணம் செய்யப் புறப்படுவோர்க்கு ஊரார் கூறும் புத்திமதிகள் பல. பால் போத்தலை மறவாதே, மாற்றுடைகளைப் பெட்டியில் வையாமற் கைப்பையிலேயே வை, காது அடைக்கும்போது குழந்தைக்கு எதையேனும் விழுங்கக் கொடு என்றெல்லாம் சொல்வார்கள். இவை யாவும் பயனுள்ளவையே. ஆயினும் ஒருவரும் எனக்குச் சொல்லாத ஒரு புத்திமதியை 2024ஆம் ஆண்டில் நானே கற்றுக்கொண்டேன். குழந்தைக்கு விமானச் சீட்டுப் பதியப் புறப்படுமுன், நாட்காட்டியை விரித்து அதன் பிறந்த நாள் எங்கே விழுகின்றது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

எங்கள் வீடு மஹய்யாவையில் உள்ளது. கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வழியில், மாத்தளைப் புகையிரதப் பாதையை ஒட்டி மேட்டிலும் பள்ளத்திலுமாக அமைந்த ஊர் அது. நகரைத் தூய்மையாக வைத்திருக்கும் மாநகரசபைத் தொழிலாளர் பலரின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம். என் அம்மாவின் தந்தையும் அத்தொழிலாளருள் ஒருவராய் இருந்தவர். அவர் இன்று இல்லை. எழுபத்தாறு வயதான அம்மாயி எங்களோடு இருக்கின்றார்.

எங்கள் மகள் 2022 நவம்பர் 5ஆம் திகதி பிறந்தாள். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற ஆண்டு அது. நான் கருவுற்றிருந்த அம்மாதங்களில், நள்ளிரவில் வலி கண்டால் வாகனத்திற்கு எங்கே போவது என்ற அச்சம் வீட்டில் எல்லோர்க்கும் இருந்தது. தாயும் பிள்ளையும் நலமாய்ப் பிழைத்தால், பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்து மூன்று தொடங்கும் நாளிலே சமயபுரத்தில் முடியிறக்குவதாக அம்மாயி நேர்ந்துகொண்டார். சமயபுரத்தை அவர் கண்ணாற் கண்டதில்லை. அவருடைய முன்னோர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், அவருடைய தங்கையும் தம்பியும் இன்று அப்பக்கத்திலேயே வாழ்கின்றனர் என்பதுமே அவருக்கும் அக்கோயிலுக்கும் உள்ள தொடர்பு. அவரால் இப்போது படியேறவும் முடியாது. "நீங்க போய் முடியெறக்கிட்டு, புள்ளைய அவுங்க ரெண்டு பேரு கையிலயும் குடுத்துட்டு வாங்க" என்பதே அவர் எங்களிடம் கேட்டது.

ஆகவே 2024 ஒக்டோபர் 26ஆம் திகதி புறப்பட்டு, தீபாவளியைச் சின்ன அம்மாயி வீட்டிற் கழித்து, நவம்பர் 5இல் நேர்த்தியை நிறைவேற்றி, 9ஆம் திகதி திரும்புவதாகத் திட்டமிட்டோம். கொழும்பிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே செல்லும். மஹய்யாவையிலிருந்து கட்டுநாயக்கவுக்குச் செல்வதற்கு அதனிலும் பன்மடங்கு நேரம் வேண்டும்.

குழந்தைக்குக் கடவுச்சீட்டு எடுப்பதே முதற் சோதனையாயிற்று. முற்காலத்தில் தாயின் கடவுச்சீட்டிலே பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவர். இன்று எத்துணைச் சிறிய குழந்தையாயினும் ஆளுக்கொரு கடவுச்சீட்டு என்பதே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமம். வாய் மூடி, கண் திறந்து, தலை நேராக வைத்திருக்க வேண்டும் என்ற விதி, இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கும் உண்டு. புகைப்பட நிலையத்தில் என் கணவர் ஒருபுறம் சாவிக்கொத்தைக் குலுக்க, புகைப்படக்காரர் மறுபுறம் பூனைபோற் கத்த, நாங்கள் அரைநாளைக் கழித்தோம். இந்திய விசாவையும் அவளுக்குத் தனியாகவே பெறவேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயர் எழுத்துக்கு எழுத்துப் பிசகாமல் ஒவ்வொரு தாளிலும் இருக்கின்றதா என்று நான் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏன் அவ்வளவு பதற்றம் என்று கணவர் கேட்டார். அதற்கான காரணம் எங்கள் குடும்பத்திலே பழையது. அதனைப் பின்னர் சொல்கின்றேன்.

சீட்டைப் பதியக் கண்டி நகரிலுள்ள ஒரு முகவர் நிலையத்திற்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் மரியாதையானவர். எங்கள் விபரங்களைக் கணினியிற் பதிந்துவிட்டு, "மூன்று பேருக்கும் ஆசனத்தோடு எடுக்க வேண்டும், மிஸ்" என்றார். மகளின் வயது இரண்டைக் கடந்துவிட்டது என்று கணினி சொல்கின்றதாம். திரையை என் பக்கம் திருப்பினார். 05.11 என்று நான் எழுதிக்கொடுத்த திகதி அங்கே மே மாதம் 11ஆம் நாள் ஆகியிருந்தது. நாளை மாதமாகவும் மாதத்தை நாளாகவும் மாற்றிவிட்டதால், என் மகளுக்கு ஒரு கணத்தில் ஆறு மாத வயது கூடிவிட்டது. அவர் வருத்தம் தெரிவித்துத் திருத்தினார். திருத்திய பின்னும் அவர் முகம் தெளியவில்லை.

விமானப் பிரயாணத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்னும் பின்னும் இருவேறு நிலைகள் உள்ளன. இரண்டு வயது நிறையும்வரை அது கைக்குழந்தை. வளர்ந்தவர் ஒருவரின் மடியில் அமர்ந்து செல்லலாம். சர்வதேசப் பயணங்களில் வளர்ந்தவர் கட்டணத்தின் பத்திலொரு பங்கு அளவே பொதுவாக அதற்கு அறவிடப்படும். இரண்டு நிறைந்ததும் அது பிள்ளை. தனி ஆசனமும் அதற்குரிய கட்டணமும் கட்டாயமாகின்றன. இவ்வயது கணிக்கப்படுவது சீட்டுப் பதியும் நாளில் அன்று, பறக்கும் நாளில். அதுவும் போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் வெவ்வேறாக. எங்கள் மகள் போகும்போது கைக்குழந்தையாகவும், நான்கு நாள் வித்தியாசத்திலே, திரும்பும்போது பிள்ளையாகவும் ஆகிவிடுகின்றாள். "நீங்கள் 4ஆம் திகதி திரும்பி வந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை" என்றார் இளைஞர்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். 2022இன் பின் ரூபாவின் பெறுமதி எவ்வாறு வீழ்ந்தது என்பதையும், வெளிநாட்டு விமானச் சீட்டின் விலை அதனால் என்னவாயிற்று என்பதையும் வாசகர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. கடன் வாங்காமல் இப்பயணத்தைச் செய்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அந்த ஒரு ஆசனம் பெரிதாகவே தோன்றிற்று. அன்று மாலை வீடு திரும்பிய நாங்கள், 4ஆம் திகதியே திரும்புவது என்றும், முடியை ஒரு நாள் முன்பாக இறக்கிவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்றும் முடிவு செய்தோம். அம்மாயியிடம் அதனைச் சொன்னேன். அவருக்கு விளங்கியது வேறு.

"ஏன் ஆயி, புள்ளைக்குச் சீட்டு இல்லையா?"

"சீட்டு இருக்கு அம்மாயி. சீட்தான் இல்ல."

"சீட்டு இருந்தா எப்படிச் சீட் இல்லாமப் போகும்?"

இதற்கு என்னிடம் நேரான மறுமொழி இருக்கவில்லை. உண்மையிலே கைக்குழந்தையின் பயணச் சீட்டு விசித்திரமானதுதான். பெயர் உண்டு, பயண இலக்கம் உண்டு, திகதி உண்டு. ஆசன எண் இருக்கவேண்டிய இடத்திலோ 'ஐஎன்எவ்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். விமானத்தில் இருப்போரின் எண்ணிக்கையில் அது சேரும், ஆசனங்களின் எண்ணிக்கையிற் சேராது. ஆயினும் அதன் மூச்சுக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கின்றனர். வழக்கமான சிறு விமானங்களில் ஒரு பக்கத்து மூன்று ஆசனங்களின் மேலே நான்கு பிராணவாயு முகமூடிகள் இருக்கும். நான்காவது, மடியிலிருக்கும் குழந்தைக்கு. மூன்று ஆசனங்கள் கொண்ட ஒரே வரிசையில் இரண்டு கைக்குழந்தைகளை அமர்த்தாமைக்குக் காரணம் இதுவே.

விஞ்ஞானம் கற்பிப்பவள் ஆதலால் இவ்விடயத்தைப் பற்றி அன்றிரவு நான் மேலும் வாசித்தேன். வாசித்தது உறக்கத்தைக் கெடுத்தது. 1989 யூலை 19ஆம் திகதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள சூ சிற்றி நகரில், கட்டுப்பாட்டை இழந்த யுனைட்டட் 232ஆம் இலக்க விமானம் தரையில் மோதிச் சிதறியது. அதில் இருந்தவர் 296 பேர். 112 பேர் மாண்டனர். மடிக்குழந்தைகள் நால்வர் அவ்விமானத்தில் இருந்தனர். அக்காலத்து அறிவுறுத்தலின்படி, குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுண் பெற்றோரிடம் கூறினார். ஒரு குழந்தை உயிர் தப்பவில்லை. அவ்வம்மையார் அதன்பின் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஆசனமும் உரிய கட்டுப் பட்டியும் வேண்டும் என்று வாதிடுவதிற் செலவிட்டார். பதினொரு கிலோ நிறையுள்ள ஒரு குழந்தை, புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு வேகத்தணிவு நேரும்போது, ஐம்பத்தைந்து கிலோவாகத் தாயின் கையை இழுக்கும். எந்தத் தாயின் அன்பும் அதனைத் தாங்கிப் பிடிக்கப் போதாது. இது வகுப்பிலே நான் ஆண்டுதோறும் கற்பிக்கும் நியூட்டனின் விதிதான்.

மறுபக்க வாதமும் உண்டு. அதனையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். குழந்தைக்கு ஆசனம் கட்டாயம் என்று விதித்தால், அப்பணம் இல்லாத பெற்றோர் விமானத்தை விட்டு மோட்டார் வாகனத்திற் செல்வர், வீதியிலோ ஆபத்து மிக அதிகம், ஆகவே அவ்விதி காக்கும் உயிர்களினும் இழக்கும் உயிர்களே கூடும் என்று கூறி, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் 2005இல் அதனைக் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. நம்மவரின் விமானங்களில் தாயின் பட்டியோடு இணைக்கும் ஒரு சிறு வளையப் பட்டியைக் குழந்தைக்குத் தருகின்றனர். விமான விபத்து மிக அரிது என்பதும் உண்மை. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தபின், ஒரு மணி நேரப் பயணத்திற்கு மடியே போதும் என்று என் மூளை சொல்லிற்று.

அம்மாயி இரண்டு நாட்களாக அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், நான் பாடசாலையிலிருந்து வந்ததும், அறைக்குள் அழைத்துத் தம் தகரப் பெட்டியைத் திறந்தார். அப்போது சொன்னதே நான் முன்பு குறிப்பிட்ட பழைய காரணம். அரைகுறையாக நான் அறிந்திருந்த கதையை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் என்று கணிக்கப்பட்ட மலையக மக்கள் 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்பது அதன் சாரம். பின்னர் 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இவ்வெண்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு தொடர் உண்டு: அவர்களது இயற்கை அதிகரிப்புடன் என்பது. ஒப்பந்தத்தின் பின் பிறக்கும் குழந்தைகளுக்கு அதிலுள்ள பெயர் அதுவே. அவர்கள் எண்ணிக்கையிற் சேரமாட்டார்கள். பெற்றோர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர்களும் செல்வார்கள்.

அம்மாயியின் பெற்றோர் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். அவர்கள் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்கள். மஹய்யாவையில் வாழ்க்கைப்பட்டிருந்த அம்மாயி, கணவரின் விண்ணப்பத்தோடு இலங்கையில் நின்றுவிட்டார். 1972இல் பெற்றோருக்கும் தங்கைக்கும் பயணப் பத்திரங்கள் ஆயத்தமாகிவிட்டன. ஆயின் இடையிலே ஓர் 'இயற்கை அதிகரிப்பு' நேர்ந்திருந்தது. எட்டு மாதத் தம்பி ஒருவன் பிறந்திருந்தான். அவனுடைய பிறப்புப் பதிவிலே பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்து குலதெய்வக் கோயிலிலே பெயர் வைப்பது என்று பெரியவர்கள் எண்ணியிருந்தார்களாம். "பேரில்லாத புள்ளைய எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க?" என்றார் அம்மாயி.

தோட்டத்தில் வேலையை நிறுத்தி, லயத்து அறையையும் ஒப்படைத்துவிட்டிருந்த அக்குடும்பம், மூன்று மாதம் மஹய்யாவையிலே அம்மாயியின் ஒற்றை அறையில் தங்கியிருந்தது. பூட்டனார் நாள்தோறும் அலுவலக வரிசைகளில் நின்றார். இறுதியில் ஒரு நாள், யன்னலுக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர், பெயர் என்ன என்று அவசரமாகக் கேட்டிருக்கின்றார். வரிசையில் தமக்கு முன் நின்றவரை அழைத்த பெயர் பூட்டனார் செவியில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதையே சொல்லிவிட்டார். முன்பின் அறியாத ஒருவரின் பெயர், அவ்விதமாக எங்கள் குடும்பத்துள் வந்து சேர்ந்தது.

பின்னர் கண்டிப் புகையிரத நிலையம். இந்தியா செல்வோரை ஏற்றிச் சென்ற அப்புகையிரதத்தை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். பொல்காவலை, மாஹோ, அநுராதபுரம், மதவாச்சி கடந்து தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பின் மண்டபம் முகாம். தாயின் மடியிலிருந்த தம்பி, புகையிரதம் நகரும்போது அக்காவைப் பார்த்துச் சிரித்தானாம். அம்மாயி அவனை அதன்பின் கண்டதில்லை. அக்கப்பற் சேவையும் 1984இல் நின்றுபோயிற்று.

இதனைச் சொல்லிவிட்டு, முடிச்சொன்றை அவிழ்த்து என் கையிலே பணத்தை வைத்தார். இரண்டு ஆண்டுகளாக அயலிலுள்ள பெண்களோடு அவர் போட்டுவந்த சீட்டுக் காசு அது.

"எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் மடியிலதான் போச்சுங்க. எங்க போறோம்னு ஒருத்தரும் அதுங்ககிட்டக் கேக்கல. இவ ஒருத்தியாவது தன் பேருல ஒரு சீட்டுல உக்காந்து வரட்டும்."

அடுத்த நாளே முகவர் நிலையத்திற்குச் சென்றேன். போகும்போது மடியிலும் திரும்பும்போது தனி ஆசனத்திலுமாக, 9ஆம் திகதிக்கே சீட்டுகளைப் பதிந்தோம். வேகத்தணிவையும் நியூட்டனையும் கொண்டு நான் எடுக்க முடியாத தீர்மானத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எனக்காக எடுத்துவிட்டார்.

போன பயணத்தைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வளையப் பட்டி மகளுக்குப் பிடிக்கவில்லை. இறங்கும்போது பால் குடித்தபடியே உறங்கிவிட்டாள். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் வெளியே, நரைத்த மீசையோடு ஒருவர் எங்கள் பெயர்களைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். அவரே அந்தத் தம்பி, என் சின்னத் தாத்தா. ஐம்பத்து மூன்று வயது. சொந்தமாக ஓட்டோ வைத்திருக்கின்றார். அதிலேதான் எங்களை ஏற்றிச் சென்றார். அதன் முன்கண்ணாடியிலே, வரிசையில் நின்ற அந்த முகமறியாத மனிதரின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது.

கப்பலிலே வந்தது நினைவிருக்கின்றதா என்று நான் கேட்டது பேதைமைதான். அவர் சிரித்தார். "எல்லாரும் வந்தேன்னு சொல்றாங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பாஸ்போட்டுல அம்மா பேருக்குக் கீழ என் பேரு இருக்கு. அதப் பாத்துத்தான் நானும் வந்தேன்னு நம்புறேன்" என்றார். பின்னர் என் மகளைத் திரும்பிப் பார்த்து, "இவளுக்கும் இது ஒண்ணும் நினைப்பிருக்காது" என்றார்.

அவர் சொன்னது மெய். இரண்டு வயதுக் குழந்தை தன் பயணத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. நாள் குறிப்பவரும், நாடு தெரிவோரும், சுமப்பவரும் பெரியவர்களே. பிற்காலத்தில் தான் எங்கிருந்து எங்கே போனோம் என்று அது கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் இருப்பவை சில தாள்கள் மட்டுமே. அத்தாள்களில் அதன் பெயர் சரியாக இருத்தல் வேண்டும். இயலுமாயின் அதற்கென ஓர் இடமும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அன்று எங்கள் வீட்டிலே பேசப்பட்டது ஒரு விமானக் கட்டணத்தைப் பற்றியது மட்டுமன்று என்பதை நான் அந்த ஓட்டோவில் இருந்தபோதுதான் உணர்ந்தேன்.

நவம்பர் 9ஆம் திகதி, முடியிறக்கிய தலையோடு என் மகள் தன் ஆசனத்தில் அமர்ந்தாள். அவளுடைய கால்கள் ஆசனத்தின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. பணிப்பெண் பட்டியை இறுக்கி இறுக்கி அதன் கடைசி அளவுவரை கொண்டுவந்தார். மகள் அதனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பியும் பாராமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நள்ளிரவு கடந்து மஹய்யாவ வந்து சேர்ந்தோம். அம்மாயி விழித்திருந்தார். தங்கையைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் எல்லாவற்றையும் கேட்டு, கைபேசியிலிருந்த படங்களையும் பார்த்து முடித்தபின், பிள்ளையின் சீட்டைக் கேட்டார். விமானத்துள் ஏறும்போது கிழித்துத் தந்த அந்தத் துண்டைக் கொடுத்தேன். அதனை விளக்கின்கீழ்ப் பிடித்து, "இதுல பேரு எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். "சீட்?" என்றார். அந்த எண்ணையும் காட்டினேன். இரண்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார்.